மூன்றாவது வரி

13.2.2007, செவ்வாய் இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் அப்படியே மூடி வைத்துவிடுங்கள். அப்பாவிடம் மட்டும் காட்ட வேண்டாம்.

இன்று கணக்குப் பரீட்சையின் நடுவில் அப்பா பள்ளிக்கு வந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று டீச்சரிடம் சொல்லி என்னை அழைத்துவந்தார். காய்ச்சல் கம்ப்யூட்டருக்கு. வீட்டுக்குக் கீழே, அப்பாவின் பட்டறையில் எம்ப்ராய்டரி மெஷினை ஓட்டும் அந்தப் பழைய பெட்டி மறுபடியும் திரை நீலமாகி நின்றுவிட்டது.

"இந்த சாஃப்ட்வேரைச் செஞ்சவனே கைவிட்டுட்டானுங்க. புதுசு வாங்குனா இந்த மெஷினோட ஒத்துவராதுங்க" என்று ரிப்பேர்காரர் சொல்லிவிட்டார். அணைத்துப் போட்டு, கீபோர்டில் எஃப் எட்டை அழுத்தி, திரையில் வரும் பட்டியலின் மூன்றாவது வரியில் ஒருமுறை திறந்து மூடினால் ஓடும். பள்ளி லேபில் இருப்பதும் இதே கிழம் என்பதால் எனக்குத் தெரியும். வெளியாள் தொட்டால் டிசைன் போய்விடும் என்று அப்பா வேறு யாரையும் விடுவதில்லை.

சரியானதும் சிரித்தார். "பத்தாவதோட போதுங் கண்ணு. நீ இங்கயே உக்காந்துக்கிட்டா எனக்கு நிம்மதி."

அது விளையாட்டுப் பேச்சு இல்லை.

எனக்கு அலுத்துவிட்டது. சாயங்காலம், நைட் ஷிஃப்ட் பார்க்கும் நாகர்கோவில் மரியக்காவுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன்.

"முதலாளிக்குத் தெரிஞ்சா என்னைய ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுருவாவ" என்றார்.

"நான் சொல்ல மாட்டேங்க்கா" என்றேன்.

சற்று முன் மெஷின் சத்தம் நின்றது. அப்பா கூப்பிடுவார் என்று பேனாவை மூடிக் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது கீழே அப்பாவின் குரல். "ஏம்மா, உனக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தது?"

மரியக்காவின் பதில் கேட்கவில்லை. படியில் அப்பாவின் செருப்புச் சத்தம். கதவைத் தட்டுகிறா