கற்பூரம் அடித்தவனும் மயக்க மருந்தும்

குருவிட்ட,
14.05.1972

அன்பு மகள் இராஜகுமாரிக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி, என் வயிற்றில் பதினோரு தையல், எல்லோரும் சுகம். கூடலூர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாரியம்மாளை வேண்டுகிறேன். குடலிறக்க ஆப்பரேசன் என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், ஆனால் உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன்.

முதல் நாள் மயக்கம் கொடுக்கிற டாக்டர் கட்டிலருகே வந்தார், சிங்களப் பெண், உன் வயதுதான் இருக்கும். இது தூக்கமில்லை, தூக்கத்தில் தட்டினால் எழும்புவீர்கள், இதில் வெட்டினாலும் எழும்பமாட்டீர்கள், மூளையின் பகுதிகள் அந்தந்த இடத்தில் இருக்கும், ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்காது என்று விளக்கினார். துரை சொல்வது கங்காணிக்கும், கங்காணி சொல்வது ஆட்களுக்கும் கேட்காத எங்கள் தோட்டமும் மயக்கத்தில்தான் இருக்கிறதா என்றேன், சிரித்தார். பிறகுதான் கேட்கக்கூடாததைக் கேட்டார். குடிப்பீர்களா, குடிக்கிறவர்களுக்கு மருந்து கூடுதலாக வேண்டும், மறைத்தால் பாதியில் விழிப்பு வரலாம் என்றார். பக்கத்தில் உன் சித்தி. மூன்று வருசத்துக்கு முன் அவளை வைத்துக்கொண்டு கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இனிச் சாராயத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியவன் நான். அது ஆறு நாள் உயிரோடு இருந்தது. அந்த மரணச் செய்தி சித்திக்கு எட்டவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆகவே, வாசனைகூட ஆகாது என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் தள்ளுவண்டியில் போகும்போதுதான் கம்பீரம் இறங்கியது. கத்தி உள்ளே இருக்கும்போது எழுந்து உட்கார்ந்தால் என்ன செய்வது. கதவு சாத்தினதும் முகமூடியைத் தள்ளிவிட்டு, டாக்டர் நோனா, தினமும் கால் போத்தல் என்று ஒப்புக்கொண்டேன். தெரியும் என்றார். முதல் நாள் சாயந்தரமே உன் சித்தி தனியாகத் திரும்பிப் போய்ச் சொன்னாளாம், "தினமும் கால் போத்தல் குடிக்கிறாரு நோனா, சம்பளத்தன்னைக்கு அரை. கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவாரு, கற்பூரம் அடிச்சவரு. நான் சொன்னேன்னு சொல்லிப்புடாதீங்க, வெக்கப்படுவாரு. மருந்த மட்டும் கொறச்சிராதீங்க."

பெரஹெரா ஊர்வலத்தில் போகிற கொம்பன் யானைக்கு வேண்டிய மருந்தை ஏற்றினார்கள். தமிழில், சிங்களத்தில், இங்கிலீசில் நானூறு வரை எண்ணினேன். பிறகு உயிர் கிளம்பி எமதர்மன் கச்சேரி ஆபீசுக்குப் போயிற்று. எந்த நாட்டுப் பிரஜை என்று அங்கே ஒரு கிளார்க் கேட்டார், அதைத்தானே பத்து வருசமாக இரண்டு அரசாங்கத்திடமும் நானும் கேட்கிறேன் என்றேன், நாடில்லாதவனைச் சேர்க்கச் சட்டமில்லை என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிள்ளைகளுக்குக் காது மூடித் தொப்பி போடு, மாப்பிள்ளையை மழையில் நனையவிடாதே. எல்லோருக்கும் ஆசீர்வாதம். பதிலில் போத்தலைப் பற்றி மூச்சுவிடாதே, கடிதத்தை உன் சித்திதான் முதலில் பிரிப்பாள். வீட்டுக்கு வந்து பதினாறு நாளாகிறது, அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, போத்தலைத் தொடவுமில்லை, அதற்குத் தையல்தான் காரணம் என்று வைத்துக்கொள். யானையும் எமனும் என் கைச்சரக்கு. எண்ணியது நாலு வரைதான். நாலுக்கும் கண் விழித்துச் சித்தி முகத்தைப் பார்த்ததற்கும் நடுவில் கனவுகூட இல்லை, ஒன்றுமே இல்லை, அதை எழுதக் கை வரவில்லை. அவள் டாக்டரிடம் சொன்னது மட்டும் எழுத்துக்கு எழுத்து உண்மை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
அழகமுத்து