எல்ட்ரெட் மாமா கொடுத்த பின்சஸ்பென்ஷன்

கார்ட்ரைட், லாப்ரடார்
2004 மார்ச் 21, ஞாயிறு

அன்பு மகள் வெர்னாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சாப்பிட்டு, நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அந்த வெலிங்டன் காற்றில் நீயும் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். டெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் டெலிபோன் சமையலறையில் இருக்கிறது, அம்மாவும் சமையலறையில் இருக்கிறாள். சொல்ல வந்தது குழம்பிவிடக் கூடாது என்று, பள்ளிக்கூடப் பழக்கத்தில் முதலிலேயே எண் போட்டுக்கொள்கிறேன், சிரிக்காதே.

1. அம்மாவின் முதுகு.
2. பழைய பனிவண்டிக்குப் பின்சஸ்பென்ஷன் மாற்றியது.
3. உன் மாமா கொடுத்த சஸ்பென்ஷன் குப்பை. விரிகுடா நடுவில் நாங்கள் நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.
4. அம்மாவும் மாமாவும் பத்து நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. அதற்கு நீ செய்ய வேண்டியது.

முதுகைப் பற்றிப் பயப்படாதே. விலகிய தட்டு மறுபடி விலகவில்லை என்று கிளினிக் நர்ஸ் சொல்லிவிட்டாள், நடக்கிறாள், குனிவதுதான் கஷ்டம். குலுங்கக் கூடாது என்பது ஒன்றுதான் கண்டிப்பு, ஆனால் நம் மஞ்சள் வண்டியில் குலுங்காமல் போவது எங்கே. பதினாறு வருஷத்து வண்டி, பின்னால் ஸ்பிரிங் இரண்டும் செத்துவிட்டன, பனிக்கட்டியில் ஒரு வரப்பு வந்தால் அடி நேராக முதுகெலும்பில் ஏறும். போன குளிர்காலம் முழுக்க அவள் பின்சீட்டில் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி வந்தாள். ஜனவரியில் ஒருநாள், "ஏங்க, இந்த ஈஸ்டருக்கும் என்னால ஆத்தங்கரைக் கேபினுக்கு வர முடியலேன்னா அதை வித்துடுங்க, நீங்க மட்டும் போய் மீன் பிடிச்சுட்டு வர்றதை நான் ஜன்னல் வழியாப் பாத்துட்டு இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன். எனக்கு இதெல்லாம் வருமா என்ற சந்தேகம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஸ்பிரிங், சட்டம், சின்னச் சக்கரங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ரப்பர் பட்டைக்குள் உட்காருகிற அந்தச் சஸ்பென்ஷன், என் வண்டிக்குப் புதிதாக இப்போது யாரும் செய்வதில்லை. மாமாவிடம் இன்ஜின் எரிந்துபோன வண்டி ஒன்று கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது, என்னுடையதைவிட ஆறு வருஷம் புதிது, அதே நீளம், ஸ்பிரிங் இன்னும் நன்றாக அமுங்கி எழும்புகிறது. கேட்டதுமே, "எடுத்துக்குங்க மாப்ளே, தங்கச்சி முதுகுக்கு இல்லாததா" என்று தன் சறுக்கு வண்டியில் போட்டு இழுத்துவந்து நம் வாசலில் கவிழ்த்துவிட்டுப் போனார். வெர்னா, உன் மாமாவைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான், ஆனால் அதைப் பார்த்த நிமிஷம் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கடல்நாய்க் கொழுப்பு ஒரு விரல் கனத்துக்குப் படிந்து, அதில் ரோமம் ஒட்டி, ரோமத்தில் மரத்தூள் ஒட்டி, ஏதோ செத்து மறுபடி செத்த மாதிரி ஒரு நாற்றம். இரண்டு போல்ட் ஒரே அளவில் இல்லை. வெல்டிங் வைத்த இடமெல்லாம் மென்று துப்பியது போல. சக்கரங்களைச் சொல்லவே வேண்டாம்: கறுப்பு நான்கு, நீலம் மூன்று, எந்தக் காலத்து வண்டியுடையதோ தெரியாத துருப்பிடித்தவை, அவருக்கு எங்கே ஒரு சின்னச் சக்கரம் கிடைத்ததோ அதையெல்லாம் ஒரு துளை போட்டு மாட்டி வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. ஒரு மனிதனால் தன் சொந்த வண்டியை எப்படி இப்படி வைத்துக்கொள்ள முடிகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

மூன்று நாள் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். வாளியில் வழிந்தது குழம்பு மாதிரி இருந்தது. கையுறை போட்டும் கை நாறியது, சாப்பிட்ட ரொட்டியும் நாறியது, அம்மா என்னைத் தாழ்வாரத்திலேயே சாப்பிடச் சொன்னாள். பிறகு தபாலில் வரவழைத்த கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். படத்தில் எட்டுச் சக்கரம். படத்தில் இல்லாத ஆறையும் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டு மூடினேன். அலுமினியச் சட்டங்களுக்கு அடியில் ரப்பர் பட்டை உரசி ஓடுகிற இடத்துக்குப் புதிய பிளாஸ்டிக் பட்டிகள் போட்டேன். வண்டி உடம்பில் முன் போல்ட்டுக்குத் துளை இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போட வேண்டியிருந்தது, நான்கு தடவை அளந்தபின்தான் துளைத்தேன், இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது அம்மா, "மெத்தையில உக்காந்த மாதிரி இருக்குங்க" என்றாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று உனக்கே தெரியும்.

11ஆம் தேதி காலை கேபினுக்குக் கிளம்பினோம். இந்த வருஷம் காற்று விரிகுடாவின் பனியை முழுக்கத் துடைத்துவிட்டது, கண்ணுக்கு எட்டிய வரை வெறும் பனிக்கட்டி, கண்ணாடி மாதிரி. பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் சீப்பைத் தீயில் காட்டிய மாதிரி ஒரு வாடை. நிறுத்தினேன். அதுதான் தப்பு, மறுபடி கிளப்பினால் ரப்பர் பட்டை நகரவில்லை, அந்தக் குளிரில் எல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அம்மாவை ரஜாய் போர்த்தி, பின்னால் இழுத்துவந்த சறுக்கு வண்டியில் உட்காரவைத்தேன், இரண்டரை மணி நேரம், காற்று ஒரு பக்கமாகவே அடித்தது. "முதுகு போயிடுச்சு, அது கிடக்கட்டும், தெர்மாஸ்ல இன்னும் டீ இருக்கா" என்று கேட்டாள். முதல் அரைமணியிலேயே பயத்தில் நானே குடித்துத் தீர்த்திருந்தேன்.

வந்தது வேறு யாருமில்லை, மாமாதான், விறகு ஏற்றிக்கொண்டு. இறங்கினார், முகர்ந்தார், சிரித்தார். "வாத்தியார் மாப்ளே, பொஸ்தகத்தப் பாத்து மாட்டின வண்டி பொஸ்தகத்துலதான் ஓடும்" என்றார். அம்மா வெடித்துவிட்டாள். "நீ சிரிக்காதேண்ணே. உன் குப்பைய என் தலையில கட்டிட்டு சிரிக்க வேற செய்யறியா? நடுக்கட்டியில செத்திருப்பேன்" என்றாள். மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "சக்கரமெல்லாம் இருக்குல்ல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான், "எல்லாம் படத்துல உள்ளபடிதான்" என்றேன். பிறகு அவர் கயிற்றைக் கட்டி எங்களை ஊர்வரை இழுத்துவந்து விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. தினமும் காலையில் டீக்கு வந்துகொண்டிருந்த அவரும் வருவதில்லை. அறுபது வருஷத்தில் இப்படி இருந்ததில்லை என்று எனக்குத் தெரியும். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அவருக்காகப் பின்னிக்கொண்டிருந்தாள், அதையும் பிரித்துவிட்டாள்.

ஆகவே நான்காவது: நீ மாமாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நீ எழுதினால் கேட்பார். கெட்டுப்போன சாமானைக் கொடுத்தது தவறு என்று அவரே வந்து தங்கையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்த இடத்தில், எவ்வளவு கெட்டிருந்தது என்று நீ குறிப்பிட்டு எழுதுவதற்காக அளவுகளையும் தருகிறேன். அன்றிலிருந்து அருவருப்பில் அந்த வண்டியின் பக்கமே நான் போகவில்லை, இப்போது இதை வைத்துவிட்டு அளவுகோலோடு போய்ப் பார்த்துவருகிறேன்.

போய்விட்டு வந்தேன். மத்தியானம் ஆகிவிட்டது.

வண்டியைச் சாய்த்து, பட்டையைக் கம்பியால் நெம்பிப் பார்த்தேன். சட்டத்தில் விரிசல் இல்லை. வெல்டிங் அசையவில்லை. ஸ்பிரிங் நேராக இருக்கிறது. நான் போட்ட புதிய பிளாஸ்டிக் பட்டிதான் உருகியிருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. சக்கரம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பதினோரு மில்லிமீட்டர், போட்டது போலவே. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் காகிதம் மாதிரி. இரண்டு பக்கமும் மும்மூன்று இடம். அந்த ஆறு இடத்திலும் நான் சக்கரம் கழற்றிய துளை இருக்கிறது. மிருதுவான பனி இருந்தால் அது பட்டியைக் குளிரவைக்கும், வெறும் கட்டியில் குளிரவைக்க ஒன்றுமில்லை, பட்டை அதில் அழுந்தி உரசாமல் தாங்கச் சக்கரம்தான் வேண்டும். உன் மாமா முப்பது வருஷம் இந்தக் கட்டிமேல் ஓடியவர், அதற்காகத்தான் கிடைத்ததையெல்லாம் மாட்டியிருக்கிறார். முப்பத்தோரு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உராய்வு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தவன் நான். கடல்நாய்க் கொழுப்பைவிட என்னைத்தான் இப்போது எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. விரிகுடாவில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோதே எனக்குள் ஏதோ சுருக்கென்றது, அம்மாவின் கோபம் என் பக்கம் திரும்பாமல் இருந்ததால் அதைச் சுகமாக மூடிவைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திட்டவில்லை. "பத்து நாளா எங்கண்ணன நான் வாய்க்கு வந்தபடி பேசினேன், எதிர்ல உக்காந்து நீங்க கேட்டுட்டு இருந்தீங்க" என்றாள், கையைக் கழுவினாள், பூட்ஸை மாட்டிக்கொள்ளக் குனிய முடியாமல் நின்றாள், நான் குனிந்து மாட்டிவிட்டேன். இப்போது வேலியைப் பிடித்தபடி மாமா வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள். கூட வரச் சொல்லவில்லை. ஆனாலும் நான் போக வேண்டும், அந்த அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு. மாமா என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணுவதற்கு அதுதான் காரணம், உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ மாமாவுக்கு எழுத வேண்டாம். உன் காரின் டயரை மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடு, தள்ளிப்போடாதே, வேலை முடிந்து வந்ததும் சூடாக ஏதாவது சாப்பிடு. கடவுள் உன்னை நல்ல உடம்போடும் என்னைவிட நிறையத் தைரியத்தோடும் வைத்திருக்கட்டும். முதல் பக்கத்தை மாற்றி எழுத நேரமில்லை. அதில் மூன்றாவது தவறு, குப்பையாக்கியது நான்.

அன்புடன்,
உன் அப்பா அம்ப்ரோஸ்