கருப்பன் மாமா கதையை அத்தை கேட்டாங்க

அன்பு மகள் தேவயானிக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், டெல்லிக் குளிர்ல நீ எப்படி இருக்கியோன்னுதான் யோசனை. சாமை அறுத்து வூட்டுக்கு வந்துடுச்சு, புளியும் நல்லா காய்ச்சிருக்கு.

உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன், இப்ப சரியாப் போனதால சொல்றேன். நீ கவிதை எழுதின வரைக்கும் ஊர்ல யாருக்கும் தொந்தரவில்ல, ரெண்டு புத்தகம் வந்தும் ரங்கன் பொண்ணு பாட்டு கட்டுதுன்னு சிரிச்சிட்டுப் போனாங்க. வாத்தியார் வேலையை விட்டுட்டு எழுதப் போறேன்னு நீ சொன்னப்ப அப்பாதான் சரியா சாப்பிடாம கெடந்தாரு. ஆனா நாவல் வந்ததும், ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போய் பொணமா வந்த கருப்பன் மாமாவைத்தான் நீ பேர் மாத்தி எழுதியிருக்கறதா யாரோ ரத்தினம்மாள் அத்தைகிட்ட சொல்லிட்டாங்க. எம் புருசனைத் திருடன்னு பேப்பர்ல போட்டது போதாதா, இது வேற புக்குல போடணுமான்னு குழாயடியில எல்லாரும் பாக்க அழுதாங்க. அன்னியிலேர்ந்து நம்ம வூட்டுப் பக்கமே வரல. அப்பாவும் வெளியில தலைகாட்டுறதை விட்டுட்டாரு.

போன வெள்ளிக்கிழமை அத்தை மக நிவேதாவோட வந்து நின்னாங்க. சண்டைக்குத்தான்னு நெனச்சேன். திருப்பத்தூர் காலேஜ்லேர்ந்து லீவுக்கு வந்த நிவேதா, புத்தகத்தை மொத்தமும் அவங்களுக்குப் படிச்சிக் காட்டியிருக்கா. அத்தை சொன்னாங்க, "அண்ணி, அதுல ஒரு எடத்துலயும் திருடன்னு இல்ல. பொண்ணு படிப்புக்குன்னு கூலிக்குப் போன மனுசன்னு இருக்குது. எனக்குச் சொல்லத் தெரியாததை உன் பொண்ணு சொல்லிடுச்சி." ரெண்டு பேரும் அழுதோம். மறுநாள் அப்பாவே புதுச் சாமையில ஒரு மூட்டை தூக்கிட்டு அவங்க வூட்டுக்குப் போய்ட்டு வந்தாரு. எனக்கு இப்பதான் மூச்சு சீரா வருது கண்ணு.

கண்ணைக் கெடுத்துக்காம எழுது, நேரத்துக்குச் சாப்பிடு. பொங்கலுக்கு ஒடுகத்தூர் வரைக்கும் வந்துடு, அப்பா வண்டியோட நிப்பாரு. குலசாமி உன்னையும் உன் எழுத்தையும் காப்பாத்தும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாத. கெளம்பும்போது அத்தை கேட்டாங்க, காட்டுல மாமா விழுந்து கெடக்கும்போது தாகத்தோட செத்ததா உன் பொண்ணு எழுதியிருக்குதே, நெசமா இன்னா நடந்துதுன்னு யாரு கண்டது, அடுத்த வாட்டி அச்சுப் போடும்போது அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லுன்னாங்க. எழுத்து உன்னுது, நான் சொல்லக் கூடாது. ஆனா சரின்னு சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கலைவாணி