அழித்துவிட்ட இருபது நிமிடம்

கொட்டாரம்
14.9.2014, ஞாயிறு

அன்பு மகள் ஜெப்சிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் ஹைதராபாத்தில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லாத நாள் இல்லை. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நீ நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு பாதியோடு நிறுத்திவிடுவேன். இதைப் பாதியோடு நிறுத்தக் கூடாது. அதனால்தான் சபைக்குப் போய்வந்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன், மதியச் சோற்றுக்கு இன்னும் உலை வைக்கவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்ன பட்டையைக் கட்டாமல் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். போன காற்றில் பின்பக்கத்து வாழை நாலு சாய்ந்துவிட்டது. அடுத்த மாதம் சபையில் அசன விருந்து, இந்த முறை காய் வெட்டுகிற கூட்டத்தில் என் பெயரையும் போட்டிருக்கிறார்கள். நீ ஹைதராபாத்தில் அந்த வேஷக் கண்காட்சியில் அட்டையில் வெள்ளிப் பூச்சு அடித்து, நெஞ்சில் சிவப்பு விளக்கு வைத்து, எந்திரப் பெண்ணாக வேஷம் போட்டு நின்ற படத்தை அப்பா இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார், பஸ் டிப்போவில் பாதிப் பேருக்குக் காட்டியாயிற்று. நான் வெட்கப்பட்டு அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் காட்டவில்லை. ஆசிரியர் அறையில் உன் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் கம்ப்யூட்டர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவேன். இதை முதலில் எழுதுவது, மற்றது எங்கிருந்து வந்தது என்று உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

உன் மெஷினுக்கு ஒரு குற்றமும் இல்லை ஜெப்சி. குற்றம் என்னுடையது. கடலுக்குப் போகிறவர்கள் போனில் ஒரு நம்பரைக் கூப்பிட்டு, காற்று எப்படி, அலை எப்படி என்று தங்கள் பேச்சிலேயே கேட்டால் மெஷின் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும், அதற்கு அது முதலில் அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் படிக்க வேண்டும் என்று மார்ச்சில் ஒரு ரெக்கார்டரும் ஒரு தாளும் அனுப்பினாய். நமக்கு மீன் கொண்டுவரும் கிளாராவோடு சின்னமுட்டத்துக்குப் போய் அவள் ஆட்களைப் பேச வைக்கச் சொன்னாய். அவர்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே பேச விடு, நீ எதையும் திருத்தாதே என்று தாளில் இரண்டு முறை கோடு போட்டு எழுதியிருந்தாய். நான் திருத்தினேன். முதல் சனிக்கிழமை கிளாராவின் வீட்டுக்காரர் சிலுவைமுத்து வலை பின்னிக்கொண்டே இருபது நிமிடம் பேசினார். கச்சான் காற்று மேற்கே இருந்து ஏறி வருவதும், அது வருமுன் தண்ணீர் நிறம் மாறுவதும், நீரோட்டம் வள்ளத்தை இழுப்பதும் எல்லாம் அதில் இருந்தது. வீட்டில் வந்து போட்டுக் கேட்டேன். பெரிய இடத்தில், படித்தவர்கள் நடுவில் இது ஒலிக்குமே, இதுவா உன் ஊர் பாஷை என்று உன்னைப் பார்ப்பார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அழித்துவிட்டேன். அடுத்த வாரம் நானே நல்ல தமிழில் நாற்பது கேள்வி எழுதிக்கொண்டு போனேன். வாசிக்கத் தெரிந்தவர்களை வாசிக்க வைத்தேன், தெரியாதவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போல, சுத்தமாக வரும்வரை திரும்பச் சொல்ல வைத்தேன். "இன்று கடலில் காற்றின் வேகம் எவ்வளவு" என்று சொல்லிவிட்டுக் கிளாரா வாயைப் பொத்திச் சிரித்தாள், இப்பிடிக் கேட்டா கடலு பயந்து பின்னால போயிரும் டீச்சரே என்றாள். நான் சிரிக்கவில்லை, மறுபடி சொல்லு என்றேன். நீ கேட்டுவிட்டு, என்னம்மா எல்லாரும் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்காங்க என்று கேட்டாய். இப்போ எல்லாரும் இப்படித்தான், டிவி வந்தாச்சுல்லா என்றேன். அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்று நம்பிவிட்டாய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான். பி.எட். படிக்க மதுரைக்குப் போனபோது ஹாஸ்டலில் நான் வாயைத் திறந்தாலே, பாடு பாடு, இன்னொரு வரி பாடு என்று தாளம் தட்டுவார்கள். ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். பிறகு ரேடியோச் செய்தியைக் கேட்டு அதைப் போலப் பேசப் பழகினேன், அதுவே ஒட்டிக்கொண்டது. நீ நாலாம் வகுப்பில் ஞாயிறுதோறும் டிவியில் தமிழில் வந்த அந்த விண்வெளித் தொடரை விடாமல் பார்ப்பாய், அதில் கப்பலை ஓட்டும் மெஷின் எல்லாரோடும் பேசும், நீ சயின்ஸ் நோட்டின் பின்பக்கமெல்லாம் அதை வரைந்துவைத்து என்னிடம் அடி வாங்கினாய். ஒருநாள், ஏம்மா அந்தக் கப்பல்ல நம்மள மாதிரி ஒருத்தரும் பேசல்ல என்று கேட்டாய். அவங்கெல்லாம் படிச்சவங்க மக்கா என்றேன். அந்தப் பதிலை நீ மறந்திருப்பாய். நான் மறக்காமல் இருந்தும் திருந்தவில்லை.

போன சனிக்கிழமை நீ கொடுத்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்க்க வலைக்கூடத்தில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். சிலுவைமுத்து சட்டை மாற்றி வந்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு, காத்து எப்பிடி இருக்கு, கடலு அடங்கிக் கெடக்குமா என்று தன்பாட்டுக்குக் கேட்டார். மன்னிக்கவும், புரியவில்லை, மீண்டும் சொல்லவும் என்றது. நாலு முறை கேட்டார், நாலு முறையும் அதே. பின்னாலிருந்து ஒருத்தன், "ஏலே, ஒனக்குத் தமிழ் தெரியாதுன்னு மெஷினே சொல்லியாச்சு" என்றான், கூட்டம் சிரித்தது. பிறகு நான் போனை வாங்கி என் ரேடியோத் தமிழில் கேட்டேன், உடனே கணீரென்று பதில் சொன்னது. நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷன் என்னைப் பார்த்து, மெஷின குத்தம் சொல்லப்பிடாது டீச்சர், எங்க பேச்சுதான் சரியில்ல என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பஸ் வரும் என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன். அன்று சாயங்காலம்தான் நீ கூப்பிட்டாய். கரையோரப் பேச்சை மெஷினால் படிக்க முடியவில்லை என்று 25ஆம் தேதி எழுதிக் கொடுக்கப் போகிறேன், இனி பட்டணத்துத் தமிழுக்கு மட்டும்தான் செய்வார்கள், நான் தோத்துட்டேம்மா என்று அழுதாய்.

நேற்று திரும்பவும் சின்னமுட்டத்துக்குப் போனேன். எல்லார் முன்னாலும், உங்கள் பேச்சில் குறையில்லை, நான் வெட்கப்பட்டு அதை அழித்துவிட்டு என் பேச்சை உங்கள் வாயில் வைத்தேன், மெஷின் படித்தது என்னைத்தான் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிலுவைமுத்து வலையிலிருந்து தலை நிமிராமல், "அழிச்சது திரும்பக் கிட்டுமா" என்று கேட்டார். கிட்டாது என்றேன். அன்னைக்கி எனக்க தம்பி போன நாளையும் சொல்லியிருந்தேனே என்றார். சொல்லியிருந்தார் ஜெப்சி. கச்சான் ஏறின அன்று தம்பியைக் கடல் கொண்டுபோனதைத்தான் அந்த இருபது நிமிடத்தில் பாதிக்கு மேல் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் என் காதில் விழுந்தது பாஷை மட்டும்தான். பையிலிருந்து ரெக்கார்டரை எடுக்கப் போனேன். அவரே, ஒருக்க சொல்லியாச்சி, இனி வராது என்று எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான், மற்றவர்களையாவது பேச வைக்கலாம் என்று ரெக்கார்டரைப் போட்டேன், கிளாரா பிடித்துக்கொண்டாள். "ஏன் டீச்சரே, எனக்க மீனு நாறல்ல, எனக்க பேச்சு மட்டும் நாறிச்சோ" என்று தொடங்கினாள். பதினெட்டு வருஷமா இந்த வாயிட்டத்தான வெல கேட்டு மீனு வேங்குனிய, அப்ப ஒங்களுக்கு வெளங்குனது மெஷினுக்கு எப்பிடி வெளங்காமப் போவும் என்றாள். நடுவில் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டாள். ஓடுதா அது என்று கேட்டாள். நான் நிறுத்தக் கை நீட்டினேன். ஓடட்டு, ஒங்க மவளும் கேக்கட்டு என்று இன்னும் குரலை ஏற்றினாள். பதினோரு நிமிடம் திட்டினாள். பிறகு எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டு, அவளே கூப்பிட்டுக் கூப்பிட்டு இருபத்தேழு பேரை உட்கார வைத்துப் பேச வைத்தாள். நான் ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை, அழிக்கவும் இல்லை. நடுவில் ஒரு நாய் குரைப்பதும் அப்படியே இருக்கிறது.

ரெக்கார்டரில் இருந்த சிறு கார்டை இந்தக் காகிதத்தோடு பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், நாளை காலை அப்பா கூரியரில் போடுவார். 25க்கு முன் வந்துவிடும். மெஷினால் முடியாது என்று எழுதிக் கொடுக்காதே. பேச்சைச் சேகரித்த டீச்சர் ஏமாற்றிவிட்டாள், மறுபடி படிக்க வைக்க நாள் வேண்டும் என்று உன் அதிகாரியிடம் சொல். அந்த டீச்சர் என் அம்மா என்றும் சொல், மறைக்காதே. கார்டில் முதலில் இருப்பது கிளாராவின் வசவு. அதை வெட்டாதே, மெஷின் அதிலிருந்தே படிக்கட்டும். கடைசியில் இருப்பது என் குரல். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மதுரைக்குப் போகுமுன் நான் எப்படிப் பேசினேனோ அப்படிப் பேசிப் பார்த்தேன், முப்பது வருஷத்துக்கு அப்புறம் அது முழுதாக வரவில்லை, நடுநடுவே ரேடியோ நுழைகிறது. சிலுவைமுத்துவின் குரல் இதில் இல்லை. உன் மெஷின் படித்து முடித்தபின் அவர் ஒருநாள் காத்து எப்பிடி என்று கேட்டு, அது அவருக்குப் பதில் சொன்னால் எனக்குச் சொல்லு. அதுவரை அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, கேட்டால் கொடுத்துவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. எனக்க பொன்னு மக்கா, ஆண்டவர் ஒனக்க கூட இருப்பாரு, நல்லா இரி.

ஒனக்க அம்மை,
லீலாபாய்