பலகையில் மிதந்தவன்

செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு இன்று வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் வாசம் காலையிலிருந்தே வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. மருமகள் ஜன்னலை மூடச் சொன்னாள். எழுந்துபோகவே அலுப்பாக இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே உனக்கு இதை எழுதுகிறேன். நீ போன பிறகு எனக்குத் தெரியவந்த ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

தாராவியில் நாம் இருவரும் வேலை பார்த்த தோல் கிடங்கின் பின்சுவர் உனக்கு மறந்திருக்காது. உலகச் சண்டைக்காலம். காகிதத்துக்குத் தட்டுப்பாடு. கிடைத்தாலும் நம் சந்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் நீ சுவரில் படக்கதை வரைந்தாய். சாயங்காலம் பழைய படத்தின்மேல் சுண்ணாம்பு அடித்துவிடுவாய். காலையில் அடுப்புக்கரியால் ஒரு கட்டம் போட்டு அடுத்த படத்தை வரைவாய். அடியில் ஒரு வரி எழுதுவதும், தண்ணீர் பிடிக்கப் போகிறவர்களுக்கு அதைச் சத்தமாக வாசிப்பதும் என் வேலை.

அந்தக் கப்பல் சமையல்காரனை நீ சிரிப்புக்காகத்தான் கொண்டுவந்தாய். பெரிய தொப்பை, கையில் அகப்பை. குண்டு விழுந்து கப்பல் முழுகியதும் அவன் ஒரு பலகையில் ஏறி, அகப்பையால் துடுப்புப் போட்டான். சந்தே சிரித்தது. செல்லக்கனி மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷன் கப்பலில் கரி அள்ளும் வேலைக்குப் போயிருந்தான். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. எல்லாரும் நகர்ந்த பிறகு, குடத்தை இறக்கி வைத்துவிட்டு உன்னிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, இவர எப்பக் கரை சேக்கப் போறிய?"

மறுநாள் படத்தில் சமையல்காரனைச் சுறா விழுங்குவதாக இருந்தது. நீ சுறாவை வரையவில்லை. கரையையும் வரையவில்லை. கரையேற்றினால் தன் புருஷனும் வந்துவிடுவான் என்று நம்பிவிடுவாள், கொன்றால் தாங்கமாட்டாள் என்று என்னிடம் சொன்னாய். அதனால் அவன் கடலிலேயே கிடந்தான். அகப்பையில் மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்தான். சட்டையைக் கிழித்துப் பாய் கட்டினான். மீனுக்காகக் காத்திருந்தான். ஜனங்களுக்குச் சலித்துப்போயிற்று. இன்னும் தண்ணியிலேயா கிடக்கிறான் என்று கேட்டுவிட்டு, நிற்காமல் போக ஆரம்பித்தார்கள். அவள் மட்டும் தினமும் வந்தாள். நான் வாசித்து முடிக்கும்வரை நின்று, குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள்.

தோலுக்குப் போடும் உப்பு அரித்த கைகளோடு வேலை முடிந்து வருவாய். நாளைக்கு அவன் என்ன செய்வான் என்று யோசித்துக்கொண்டே சோற்றைப் பிசைவாய், பாதியில் எழுந்துவிடுவாய். "கடல்ல ஒருத்தன உயிரோட வச்சிருக்கது லேசுப்பட்ட காரியமா வே?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாய்.

பிறகு ஒரு காலை, நான் வாசிக்கத் தொடங்குமுன்பே அவள் சொன்னாள். "போதும் அண்ணாச்சி. கதைய முடிச்சிருங்க." மறுநாளிலிருந்து தானும் வேலைக்குப் போவதாகவும், இனி இந்தப் பக்கம் வர முடியாதென்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசிப் படத்தில் கடலே இல்லை. தூக்குச்சட்டியோடு நடந்துபோகும் ஒரு பெண்ணின் முதுகு மட்டும். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். எழுத்து வேண்டாம் என்றாய். அதன்பின் நீ கரியைத் தொடவில்லை. அவளுக்கு ஆசை காட்டி மோசம் பண்ணிவிட்டதாகவே கடைசிவரை நினைத்தாய். சுதந்திரம் வந்தது, அவரவருக்குக் கல்யாணமானது, பிள்ளைகள் பிறந்தன. எதிரே அவள் வந்தால் நீ வேறு சந்தில் திரும்பிவிடுவாய்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் வீட்டுக்குத் துஷ்டி கேட்க அவள் வந்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ மனதில் வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன். மகளின் கையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரரு கடல்லயே போயிட்டாருன்னு கப்பல் ஆபீஸ்ல அப்பவே கூப்ட்டுச் சொல்லிட்டாவ. அண்ணாச்சிட்ட நான் கேட்டேம்லா, அதுக்கு அடுத்த வாரமே."

பிறகு எதற்குத் தினமும் வந்தாய் என்றேன்.

"எனக்காவத்தான அவிய அந்த ஆள முழுகவிடாம வச்சிருந்தாவ. நான் வரலைன்னா மனசு ஒடிஞ்சிருவாவ. போவப்போவ, படத்துல உள்ளவரும் அண்ணாச்சியும் ஒண்ணுபோல மெலிஞ்சிட்டே வந்தாவ. பாக்கச் சகிக்கல. அதான் போதும்னேன்."

இதைக் கேட்டதும் உடனே உன்னிடம் வந்து சொல்லத்தான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. வந்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்ததுபோல் உள்ளே போய் நின்றுகொண்டேன்.

நீ யாரையும் மோசம் செய்யவில்லை. உனக்குத் தெரியாமல் அவள்தான் உன்னைத் தாங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் நீ சுமந்ததை உன்னிடமிருந்து இறக்கிவைக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை இப்போது என்னிடம் இருக்கிறது. வாங்கிக்கொள்ள நீ இல்லாததால், நான் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.