நாலாவது மாடியில் உன் பழைய லேப்டாப்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, பாதி சுகம் என்று வைத்துக்கொள், மீதியையும் சேர்த்து நீ அங்கே நன்றாக இரு.

அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, தினம் இரண்டு தடவை நாலு மாடி ஏறி இறங்கினால் வராமல் என்ன செய்யும். ஏன் ஏறி இறங்குகிறாள் என்று கேட்பாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் சரியாகிவிட்டது, சாயங்காலம் கீழே போய்க் காற்று வாங்குகிறேன் என்று போனில் சொன்னதெல்லாம் பொய்யம்மா. ஐந்து மாதமாக அது இரண்டாவது மாடியில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நடுவில் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போக நாலு பேர் என்னைச் சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள், ஒவ்வொரு மாடியிலும் குடியிருப்பவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள், இனி வேண்டாம் என்று ஆகிவிட்டது. பகல் முழுக்க உன் அறைதான். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சாக்கடைக் குழாய், அதில் பதினேழு இணைப்பு. "நீங்க கைதி, நான் சோறு கொண்டு வர்ற வார்டன், ரெண்டு பேருக்கும் ஒரே ஜெயில்தான்" என்று அம்மா சிரிக்கிறாள்.

இதில் எனக்கு இருந்த ஒரே ரோடு நீ விட்டுப்போன கேமிங் லேப்டாப்பில் இருக்கும் பஸ் விளையாட்டுத்தான். முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அது பொம்மைதான், ஆனாலும் பிரேக்குக்குக் கால் வேண்டாம், விரல் போதும். போன மாதம் 'இந்தக் கணினிக்கு இனிப் பாதுகாப்புக் கிடையாது' என்று தினமும் எச்சரிக்கை வந்தது, பிறகு ஒரு நாள் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது, எழவே இல்லை. ரிப்பேர் கடைக்காரர் போனில், "தூக்கிப் போடுங்க சார்" என்றார். நீயும் அதையே சொன்னாய். எதிர் வீட்டு நர்ஸ்தான், "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க அங்கிள், இலவசம்தான், புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு" என்று பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு டியூட்டிக்கு ஓடினாள். இரண்டு தடவை திரை கறுத்துப்போனது, என் முகம்தான் தெரிந்தது. போனில் கேட்டதற்கு, பட்டியலில் இரண்டாவது வரியை அழுத்தச் சொன்னாள், வந்துவிட்டது. நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாமாம். நிறுவினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று எச்சரித்தது, சரி, உன் படங்களையாவது எடுத்து வைப்போம் என்று தேடினேன். உன் கணக்கின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது, ஆனால் இந்த வழியாகப் போனால் எதுவும் கேட்கவில்லை, எல்லாம் திறந்து கிடந்தது. அங்கே 'அப்பாவிடம் சொல்ல வேண்டியது' என்று ஒரு கடிதம் இருந்தது. நீ கிளம்புவதற்கு முந்தின வாரத்துத் தேதி.

எனக்குத்தானே என்று திறந்தேன், தப்புத்தான். 'எனக்கு அங்க வேலை கெடைச்சிருச்சுன்னு சொன்னது பொய்ப்பா, போய்த்தான் தேடணும். கதவைச் சாத்தி ஹெட்ஃபோன் போட்டாலும் உங்க குரல் உள்ள வருது. இங்க எனக்கு மூச்சு முட்டுது.' அவ்வளவுதான் இருந்தது, அதற்குமேல் நீ எழுதவில்லை. நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. நீ பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் டிப்போவில் கணக்குக் கேட்பதுபோல் வாசலில் நின்று கேட்பேன், யாருடன் பேசினாய் என்று கேட்பேன். நீ இந்த அறைக்குள் அடைந்து கிடந்ததை விளையாட்டுப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொன்னேன். இப்போது உன் நாற்காலி இருந்த அதே இடத்தில், அதே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு லிஃப்ட் கெட்டுப்போனதால் இந்த நிலை, உனக்கு நான் இருந்ததால்.

படங்களை மட்டும் இன்னொரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். அந்தக் கடிதத்தை எடுக்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. 'அழித்துவிட்டு நிறுவு' என்பதை அழுத்த அரை நாள் ஆயிற்று. இப்போது நன்றாக ஓடுகிறது, மிக்ஸி மாதிரி கத்திய விசிறி அடங்கிவிட்டது, கீபோர்டு விளக்கு மட்டும் நிறம் மாற்றிக்கொண்டே இருக்கிறது, அணைக்கத் தெரியவில்லை. தமிழிலும் அடிக்க வருகிறது, இதை அதில்தான் அடிக்கிறேன். பஸ் விளையாட்டும் ஏறிவிட்டது, ஒரு ட்ரிப் போனேன், பாதியில் ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன், மனசு ஓடவில்லை.

அந்தக் கடிதத்தை நீ மறுபடி எழுத வேண்டும் பாப்பா. முழுசாக எழுது, திட்டியே எழுது, எதையும் விட்டுவிடாதே. திரும்பி வா என்று கேட்க மாட்டேன்.

பல் வலி என்றாயே, தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார். நீ நினைத்த இடத்தில், நினைத்த நேரத்துக்கு வீடு திரும்பி, நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
குறுக்கே பேசாமல் படிக்கக் காத்திருக்கும்
உன் அப்பா