அப்பாவின் ஸ்கூட்டர் ஒழுகவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். குட்டி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போனிலென்றால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

வீட்டில் பெட்ரோல் வாடை என்று நான் புலம்பியதும், அப்பாவின் ஓட்டை ஸ்கூட்டர்தான் ஒழுகுகிறது என்று நீயும் நானும் சேர்ந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கியதும் நினைவிருக்கும். அவர் மூன்று தடவை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, கடைசியில் வந்த விலைக்கு விற்றுவிட்டார். வண்டி போயும் வாடை போகவில்லை, அப்புறம்தான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். தோண்டிப் பார்த்தால், தெருவுக்கு அடியில் போகும் பெட்ரோல் எண்ணெய்க் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை, ஐந்து மாதமாகக் கசிந்து நம் வீட்டு நிலத்தடி நீர் வரை வந்திருக்கிறது. ஓட்டையை அன்றைக்கே அடைத்துவிட்டார்கள், மண்ணைச் சுத்தம் செய்வதுதான் நீளும் வேலை. தண்ணீர் லாரியில் வருகிறது.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிலத்தடி நீர் வரை துளை போட்டிருக்கிறார்கள். இன்ஜினியர் பெண் ஒருத்தி தினமும் வந்து அதில் ஒரு நாடாவை இறக்குவாள், எண்ணெயைத் தொட்டால் ஒரு சத்தம், தண்ணீரைத் தொட்டால் வேறு சத்தம். காய் நறுக்குவதை அப்படியே போட்டுவிட்டு நான் அதைக் கேட்க ஓடுவேன். நாலு விரற்கடை மிதந்த எண்ணெய் இப்போது ஒரு விரற்கடை. மிச்சத்தை மண்ணிலிருக்கும் கிருமிகளே தின்னுமாம், அவை மூச்சுவிடக் குழாய் வழியாகக் காற்று அனுப்புகிறார்கள். கை கழுவு கை கழுவு என்று உன்னை விரட்டிய நான், கிருமிகள் ஒழுங்காகச் சாப்பிடுகின்றனவா என்று தினமும் விசாரிக்கிறேன், அவள் சிரிக்கிறாள்.

நீ அடுத்த மாதம் வருவதையும் அவளிடம் சொன்னேன். "பெரியவங்க ஜன்னலத் திறந்து வச்சா போதும்மா. தவழுற குழந்தை மட்டும் ஆறு மாசத்துக்கு வேண்டாம்," என்றாள். மண்ணிலிருந்து கிளம்பும் பெட்ரோல் ஆவி தரையோடுதான் நிற்குமாம். ஸ்கூட்டரைத் திட்டின நேரத்தில் ஒரு போன் போட்டிருந்தால் இந்நேரம் சுத்தமாகியிருக்கும், அதுதான் மனசை அறுக்கிறது. வா வா என்று உன்னை நச்சரித்த நானே சொல்கிறேன், இப்போது வராதே, டிக்கெட்டைத் தள்ளிப் போடு.

அப்பாவிடம் ஸ்கூட்டருக்காக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு, நான் கேட்டாகிவிட்டது. அவர் தரை விரிசலையெல்லாம் சிமெண்டால் அடைத்துவிட்டு, தினமும் காலையில் முட்டி போட்டு அறை அறையாகத் தவழ்ந்து மோந்து பார்க்கிறார். குட்டியின் மூக்கு அந்த உயரத்தில்தானே இருக்கும் என்கிறார். மூவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழுங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா